இரண்டாவது அடுப்பு

காலுக்கென்று வந்துகொண்டிருந்த காசு இனி வீட்டைப் பார்த்துத்தான் வரும் என்று விதானையார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வலது கால் சூம்பியது குழந்தைப் பருவத்தில் வந்த ஒரு காய்ச்சலால். வீட்டுக்கு அப்படி ஒரு காய்ச்சலும் வரவில்லை. அது ஓட்டுக் கூரையோடு இன்னும் நேராகத்தான் நிற்கிறது. அவரிடமும் அப்படியே சொன்னேன்.

"உதை மேலிடத்திலை போய்ச் சொல்லிப் போடாதேங்கோ, அக்கா," என்றார் அவர்.

அவருடைய கந்தோர்ப் பலகையில் கிராம அலுவலர் என்று எழுதியிருந்தாலும் கரவெட்டிப் பக்கத்தில் நாங்கள் விதானையார் என்றுதான் சொல்வோம். என்னைவிட மிகவும் இளையவர், பொறுமைசாலி. அன்று அவர் விளக்கிய விஷயம் இதுதான். இயலாத ஆட்களுக்கு மாதாமாதம் தபால் கந்தோரில் கொடுக்கும் பழைய கொடுப்பனவு எப்போதோ ஒரு நாள் நின்றுவிடும். புதிய திட்டம் ஒன்று வருகிறது. அதில் ஆளைப் பார்க்கமாட்டார்கள், குடும்பத்தைப் பார்ப்பார்கள். வீடு எப்படி, குசினி எப்படி, என்ன வாகனம் நிற்கிறது, யார் உழைக்கிறார் என்று புள்ளி போடுவார்கள். விரும்பியவர்கள் இப்போதே புதியதற்கு மாறிக்கொள்ளலாம். மாறாதவர்களின் கதி என்ன என்று கேட்டேன்.

"அதை மேலயும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது," என்றார்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் தங்கச்சி, அவளுடைய கணவர். அவர்களின் மகள் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கணவர் வெங்காயத் தோட்டம் செய்கிறார், முற்றத்தில் அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நிற்கிறது. ஒரு குடும்பம் என்று கணக்கெடுத்தால் எனக்கு ஒரு சதமும் வராது. அதை அறிய விதானையார் தேவையில்லை.

"நீங்கள் தனிய எண்டு பதிஞ்சால் கட்டாயம் கிடைக்கும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "தனிய இருக்கிற பொம்பிளை, கால் ஏலாது, உழைப்பில்லை. ஆனா பாக்க வருவினம். அடுப்பு வேறயா இருக்கோ எண்டுதான் முக்கியமாப் பாப்பினம்."

அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒற்றுமையாக இருந்த எத்தனையோ வீடுகள் பிரிந்தன. தாயும் மகனும் பிரிந்தார்கள். ஒரே கட்டிலில் படுக்கிற கிழவனும் கிழவியும்கூடப் பிரிந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் விதானையாரிடம் இருந்து ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பிய அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காசைப் பற்றிச் சொல்லவேண்டும். அது பெரிய காசு இல்லை. ஆனால் என் பெயரைக் கூப்பிட்டு என் கையில் தரும் காசு அது ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஓட்டோவில் தபால் கந்தோருக்குப் போவேன். கையெழுத்து வைப்பேன். வரும் வழியில் எனக்குப் பிடித்த கோப்பித்தூளையும், மற்றவர்கள் தேவையில்லை என்று சொல்லும் ஏதாவது ஒரு பொருளையும் வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் எனக்கு ஒன்றுக்கும் குறையில்லை. கேட்டால் கிடைக்கும். கேட்டால். அந்தச் சொல்லில் எனக்கு இருக்கும் எரிச்சல் கால் நன்றாக உள்ளவர்களுக்கு இலேசில் விளங்காது.

முதன்முதலில் இந்தக் கொடுப்பனவுக்கு எழுதியபோது ஒரு வைத்தியருக்கு முன்னால் பாவாடையை உயர்த்திக் காலைக் காட்டவேண்டி இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தரம் காட்டியதோடு அது முடிந்தது. நான் யாரோடு சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

விதானையாரைக் கண்டுவந்த அன்று பின்னேரம் தங்கச்சி விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். விதானையார் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அதுக்கென்ன, பிரிப்பம்," என்றாள்.

ஒரு கேள்வி இல்லை, ஒரு யோசனை இல்லை. கடையில் வெங்காயம் பிரிப்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தாள். எனக்கு நெஞ்சுக்குள் சுரீர் என்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஓம், எனக்கும் அதுதான் சுகம்," என்றேன். அவளுடைய சிவப்புப் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு திருத்தத் தொடங்கியது.

அடுத்த நாள் அவளுடைய கணவர் சீமெந்துக் கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து பின்பத்தியில் இறக்கினார். பின்பத்தி என்பது வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கியிருக்கும் இடம். மண்வெட்டி, கயிறு, வெங்காயச் சாக்கு எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

"ஆருக்குத் தம்பி உது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் அக்கா. சின்னனா ஒரு அடுப்பு வைச்சு விடுறன்."

எனக்கு வந்த கோபத்தை விளக்குவதற்குக் குசினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த வீட்டில் சமைப்பது நான். அம்மா படுத்த படுக்கையான நாளில் இருந்து நான்தான். நின்று சமைக்க ஏலாது என்பதால் அடுப்பு மேடையை உடைத்து, முக்காலியில் இருந்தபடி கை எட்டும் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டித் தந்தவரும் இதே மனிதர்தான். தங்கச்சி அந்த மேடையில் ஒரு தேத்தண்ணி வைப்பதென்றாலும் முதுகை வளைக்கவேண்டும். அதற்காகவே அவள் குசினிக்குள் வருவதில்லை என்பது அவளுடைய நியாயம்.

அதோடு வீடு என் பெயரில் இருக்கிறது. காலைப் பார்த்துத் திரும்பிப் போகிறவன் வீட்டைப் பார்த்தாவது நிற்பான் என்று அம்மா சீதனமாக எனக்கு எழுதிவைத்தாள். வந்தவர்கள் வீட்டை நன்றாகச் சுற்றிப் பார்த்தார்கள், கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தார்கள், பிறகு போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டு உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள் கிடந்தது. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

அன்று கதைத்தேன். "வீடு என்ரை. குசினியும் என்ரை. பிரியிறவை பின்னுக்குப் போங்கோ," என்றேன்.

தங்கச்சியின் கணவர் கையில் கல்லோடு அப்படியே நின்றார். தங்கச்சி யன்னலுக்குள்ளால் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் என் வாயில் இருந்து "என்ரை வீடு" என்று வந்தது அதுதான் முதல் தடவை. அவள் அவருக்குக் கையைக் காட்டினாள். அவர் அடுப்பைத் தங்கச்சியின் உயரத்துக்குக் கட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வரும் நாளில் அதில் நாலு விறகை எரித்துக் கரிபிடிக்க வைத்தால் போதும். ஆனால் என் தங்கச்சி, விஞ்ஞானம் படிப்பிக்கும் தங்கச்சி, பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலமை நல்ல நேரம் கிடக்கு," என்றாள்.

"பொய்க்கு மூட்டுற அடுப்புக்கு ஆரடி நாள் பாக்கிறது?"

"அடுப்பு பொய்யெண்டாலும் நெருப்பு மெய்தானே அக்கா. பால் காய்ச்சாமல் மூட்ட எனக்குப் பயமாக் கிடக்கு."

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, அடுப்புக்குத் திருநீறு பூசி, பொட்டு வைத்து, புதுப் பானையில் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம். அவளுடைய கண்ணில் இருந்தும் வழிந்தது. புகை என்று சொன்னாள். பின்பத்திக்கு மூன்று பக்கமும் திறப்பு, அங்கே புகை தங்காது. நான் முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எழும்பவில்லை. "அதுக்கென்ன, பிரிப்பம்" என்ற சொல் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

பால் காய்ச்சிய வாசம் வேலியைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டாள். ஒழுங்கையில் மற்றவர்கள் எல்லோரும் கடதாசியில்தான் பிரிந்திருந்தார்கள். நாள் பார்த்துப் பால் காய்ச்சிப் பிரிந்தது நாங்கள் மட்டும்தான். மத்தியானத்துக்குள் அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிரவே கனடாவில் இருந்து பெரியம்மாவின் மகள் போன் எடுத்து, "உறுதியாலயோ சண்டை?" என்று கேட்டு அழுதாள். இல்லை, அரசாங்கத்தால் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

கூத்து அதோடும் முடியவில்லை. பால் காய்ச்சிய அடுப்பைச் சும்மா போடக்கூடாது என்றாள் தங்கச்சி. ஆகவே பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பு மாற்றி, அவள் பின்பத்தியில் சமைக்கத் தொடங்கினாள். நான் குசினியில் எனக்கு மட்டும் சமைத்தேன். உத்தியோகத்தருக்குக் காட்டுவதற்குக் கட்டிய அடுப்பு, எவரும் பார்க்காத நாளிலும் எரிந்துகொண்டிருந்தது.

ஒருவருக்குச் சமைப்பது எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருந்த மிகச் சிறிய பானையும் பெரிதாக இருந்தது. அரிசியைக் குறைத்துப் போட்டால் சோறு அடியில் ஒட்டி முறுகியது. கூட்டிப் போட்டால் காகத்துக்குப் போனது. பின்னால் இருந்து வெந்தயம் கருகும் மணம் வரும். எழும்பிப் போய்த் தாச்சியைத் தூக்கி இறக்கவேண்டும் போல் கை துடிக்கும். தங்கச்சியின் கணவர் அவள் வைத்ததை வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, கை கழுவக் குசினிப் பக்கத்துக் குழாயடிக்கு வருவார். வந்து கழுவும்போது என் கறிச்சட்டியை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு நாள் நான் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தேன். அவர் வெகுநேரம் கை கழுவினார்.

அந்த நாள்களில் தனியாக இருந்து சாப்பிடும்போதுதான் யோசித்தேன். எனக்கென்று ஒரு காசு வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறேனே, அதற்கு நான் கொடுக்கப்போவது என்ன? ஒரு கையெழுத்து, எனக்கு ஒருவரும் இல்லை என்று. இந்தக் கால் வந்த நாளில் இருந்து நான் பயந்துகொண்டிருந்த ஒரே விஷயம் அதுதான். அதை நானே எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் காசு வரும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அவள் மட்டும் இலேசாகச் சொன்னாளே என்று மறுபடியும் கோபப்பட்டேன். மாறுவது என்றே முடிவு செய்தேன். பழையது எப்படியும் நிற்கப்போகிறது. கடைசியில் வெறுங்கையோடு நிற்க எனக்கு விருப்பமில்லை.

உத்தியோகத்தர் ஒரு சனிக்கிழமை வந்தார். ஸ்கூட்டியில் வந்த இளம் பிள்ளை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். கையில் பெரிய போன் ஒன்று. எல்லாவற்றையும் அதில்தான் பதிந்தார்.

வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். ஆனால் இப்போது இரண்டு குடும்பம். நான் நேரத்தோடு ஊற்றிவைத்திருந்த தேத்தண்ணியைக் கொடுத்தேன். தன் குடும்பத்தின் மரியாதை போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, தங்கச்சியும் பின்பத்திக்கு ஓடினாள். அந்தப் பிள்ளை என் கோப்பையைக் குடித்து முடிக்கும் நேரத்தில் பின்னால் இருந்து குரல் வந்தது.

"அக்கா, சீனி எங்கை வைச்சனீங்கள்?"

தங்கச்சியின் கணவர் லாண்ட்மாஸ்டரின் சில்லை மிகவும் அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"யாடிக்குள்ள!" என்று நான் கத்தினேன். வேறு என்ன செய்வது?

இரண்டாவது தேத்தண்ணியும் வந்தது. சீனி அளவுக்கு மிஞ்சிப்போயிருந்தது. அதையும் அவர் குடித்தார், நல்ல வளர்ப்பு. பிறகு தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"ரீச்சர், உங்கடை அக்கா தனியச் சமைச்சுத் தனியத்தான் சாப்பிடுறவவோ?"

இதற்கு என்ன பதில் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். ஓம் என்ற ஒரு சொல். தங்கச்சி தட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கிழமையா அப்பிடித்தான் பிள்ளை," என்றாள். "ஆனா உங்கடை போனிலை அப்பிடிப் பதியாதேங்கோ. அவ தனி ஆளில்லை. நான் இருக்கிறன்."

சொல்லிவிட்டு அழுதாள். இந்த முறை புகையும் இல்லை.

எனக்கு என்ன வந்தது என்று கேட்டால், இரண்டும் வந்தது. பிறந்ததில் இருந்து கேட்க ஆசைப்பட்ட ஒரு சொல்லைக் கேட்டுவிட்ட சந்தோஷம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் காசைத் தண்ணீரில் போட்டுவிட்டாளே என்ற ஆத்திரம். எது கூடுதல் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ அக்கா. விண்ணப்பம் உங்கடைதானே. கூடப்பிறந்த ஆக்கள் வெக்கத்திலை இப்பிடிச் சொல்லுறது வழமைதான். நீங்கள் தனிய எண்டு சொன்னால் நான் அப்பிடியே பதியலாம்."

அவர் எனக்கு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ஓம் என்று சொன்னால் போதும். தங்கச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லுங்கோ என்பதுபோலத்தான் பார்த்தாள், தடுக்கவில்லை. அதனால்தான் எனக்குச் சொல்ல முடியாமல் போயிற்று.

"அவள் சொல்லுறது சரி," என்றேன். "ஆனா பிள்ளை, ஒண்டு கேக்கிறன். இவ்வளவு காலமும் அந்தக் காசு என்ரை காலுக்கெண்டு தந்தது. எனக்கு ஆக்கள் இல்லையெண்டு தந்ததில்லை. தங்கச்சி இருக்கிறாள் எண்டாப்போலை கால் நிமிர்ந்திட்டுதோ?"

"எனக்கு விளங்குது அக்கா," என்றார் அவர். போனைத் திருப்பி எனக்குக் காட்டினார். "உதைப் பதியிறதுக்கு இதிலை இடமில்லை."

"அப்ப நான் மாறேல்லை. பழையதிலையே விடுங்கோ. நிப்பாட்டுற அண்டைக்கு நிப்பாட்டட்டும்."

அவர் எதையோ அழுத்தினார். அவ்வளவுதான். போகும்போது தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, குசினி மேடையை ஒருமுறை எட்டிப் பார்த்து, "நல்ல வடிவாக் கட்டியிருக்கு," என்றார். தங்கச்சியின் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பின்னேரம் நான் மூன்று பேருக்கும் சமைத்தேன். அரிசியை அளக்காமலே கை தன்பாட்டில் போட்டது. தங்கச்சி குசினிக்குள் வந்து, தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் துருவ இருந்தாள்.

"என்னோடை கோவமோ?" என்றாள்.

"ஓம்."

"அண்டைக்கு நீங்கள் அதுதான் சுகம் எண்டு சொன்னியள். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

"நீ முதல் என்ன சொன்னனி? அதுக்கென்ன எண்டு சொன்னனி."

"நான் வேறை என்ன சொல்லுறது? உங்கடை காசை நான் மறிக்கிறதோ?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கறியைக் கிண்டினேன். அவள் சொன்னாள்: "காசு நிண்டால் நிக்கட்டும் அக்கா. தேவையெண்டால் என்னட்டைக் கேளுங்கோவன்."

"கோவமே அதுக்குத்தான்," என்றேன்.

அவள் துருவுவதை நிறுத்தினாள். படித்த பிள்ளை, ஆனால் சில விஷயம் அவளுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும். அன்று சேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

பின்பத்தி அடுப்பு இன்னும் இருக்கிறது. பால் காய்ச்சியதை உடைக்கக்கூடாதாம். பின்னேரத்தில் அவள் அதில் ஒரு கறி வைப்பாள். இப்போது அவ்வளவாகக் கருகுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் இன்னும் பிரிந்துதான் இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அடுத்த மாதம் தபால் கந்தோருக்குப் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து வைத்து வாங்கினேன். அடுத்த முறையும் வருமோ என்று கேட்டதற்கு, "எங்களுக்கே தெரியாது அக்கா," என்றார் உள்ளே இருந்தவர். கோப்பித்தூள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து முக்காலியில் இருந்தேன். தங்கச்சி வந்து குசினி வாசலில் நின்றாள். கதவு நிலையைச் சுரண்டினாள்.

"அக்கா, கைமாத்தாக் கொஞ்சம் தாறியளோ?"

அவளுக்கு முதல் நாள்தான் சம்பளம் போட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

"என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அதையும் சொல்ல வேணுமோ?"

"நான் உன்னட்டைக் கேக்கேக்கை நீ கேக்கிறனியெல்லோ."

அவளுடைய முகம் ஒருமாதிரிப் போயிற்று. பிறகு, "சீனி வாங்க," என்றாள்.

கொடுத்தேன். "திருப்பித் தரவேணும்," என்றேன். "ஓம்," என்றாள். சொன்னபடி தந்தாள். அதற்கு அடுத்த மாதமும் வந்து வாசலில் நின்று நிலையைச் சுரண்டினாள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் இழுத்தடித்துத்தான் கொடுப்பேன்.

அந்தக் காசு ஏதோ ஒரு மாதம் வராமல் போகும். அன்றைக்கு நான்தான் அவளுடைய அறை வாசலில் போய் நிற்கவேண்டும். எப்படிக் கேட்பது என்று அவளைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.